தங்கூசிப் பரீட்சை

எங்கள் ஒழுங்கையில் ஒற்றைக் காலோடு ஊன்றுகோலில் நடந்தவர்கள் மூன்று பேர். மூவரும் கடலுக்குப் போனவர்கள். சுறா கடித்ததென்றே நான் நம்பியிருந்தேன். சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் வெட்டிய கால்கள் அவை என்று சிறுபிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

வாப்பாவுக்கும் சீனி இருந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கான கிளினிக் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. எங்கள் சாய்ந்தமருதுத் தோணிகள் கரைசேர்வதும் மீன் விலைபோவதும் அதே நேரம்தான். ஆகவே வீட்டில் கடைசிப் பெண்ணான நான், அன்று பள்ளிக்கூடம் போகாமல், அவருடைய கிளினிக் கொப்பியோடு போவேன். மருந்து தந்து அனுப்பிவிடுவார்கள். கால் தரைக்கு எட்டாமல் வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் போல் பலர் இருந்தார்கள்.

புதிதாக வந்த பெண் டொக்டர் ஒருநாள் எங்கள் முன்னால் நின்றார்.

"இதில ஆருக்குச் சீனி?"

"எங்கட வாப்பாமாருக்கு," என்றேன்.

"அவங்க எங்க புள்ள?"

"கடல்ல."

"நீங்க மருந்தெடுத்தா, அவங்கட கால ஆரு பாக்குற?"

நான் வாப்பாவின் கொப்பியை நீட்டினேன்.

அதன்பின் அவர் எத்தனை பேரிடம் கதைத்தாரோ, சில மாதங்களில் கிளினிக் இடம் மாறியது. எங்கள் ஊரில் கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமையில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, கரையில் வலை வைக்கும் வாடிக்கே டொக்டர் வந்தார். பையிலிருந்து, தூண்டில் கட்டும் தங்கூசி போன்ற, கைப்பிடி போட்ட நைலோன் நூலொன்றை எடுத்தார்.

"தங்கூசியோட வந்திருக்கா. இண்டைக்கு நாமதான் மீன்," என்றார் வாப்பாவின் தம்பி, என் சாச்சா. வாடி முழுக்கச் சிரித்தது.

வாப்பா மீன்பெட்டியில் அமர்ந்து காலை நீட்டினார்.

"கண்ண மூடுங்க. நூல் படக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க."

நூல் பெருவிரலில் பட்டு வளைந்தது. பிறகு குதிகாலில். வாப்பா வாய் திறக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"மிஸ், இன்னும் தொடங்கல்லையா?"

நான் சிரித்தேன். சாச்சா சிரிக்கவில்லை. டொக்டர் பாதத்தைத் திருப்பி, தோலுக்குள் புதைந்திருந்த சிப்பித்துண்டை மெல்ல எடுத்தார். அதையும் வாப்பா அறியவில்லை.

"புண் சின்னன்தான், ஆத்தலாம். இனி வெறுங்காலோட நடக்க வேணாம். வாற வெள்ளியும் வருவன்."

நான் வீட்டுக்கு ஓடினேன்.

"உம்மா, டொக்டர் குத்திக்குத்திப் பாத்தா. வாப்பா ஓம் சொல்லவே இல்ல. வாப்பாதான் வெண்டாரு."

சோறு வடித்துக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது. பானையை இறக்கிவைத்துவிட்டுப் போய், வாப்பா ஜும்ஆவுக்கு மட்டும் போடும் செருப்பை எடுத்து வந்து, கடற்பக்க வாசலில் வைத்தார்.

வென்றவருக்கு எதற்குச் செருப்பு என்று எனக்கு விளங்கவில்லை.