காலிக் கட்டத்துக்கு ஒரு குறிப்பு

சேலம் பஸ்ஸுக்காகத் திருச்செங்கோட்டில் நின்றிருந்தேன். பூங்கொடி மேடத்தை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறேன், கையில் சாத்துக்குடிப் பை. அவர் கணவர் போன் செய்தார். "வர வேண்டாமுங்க சார். ஊட்டுக்கே கொண்டாந்துட்டமுங்க." குணமாகிவிட்டார் என்று நினைத்து, "அப்பாடா" என்றேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது. எத்தனை மடத்தனமான வார்த்தையை அவரிடம் சொல்லிவிட்டேன்!

ஜவுளித் துறையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் போடும் அட்டவணையில் காலிக் கட்டமே இருக்காது. அளவு இல்லாத இடத்தில் சின்னக் கோடு, பக்கத்தில் நட்சத்திரக் குறி, அடியில் காரணம். "சும்மா உட்டா மறைச்சுட்டம்னு நெனப்பாங்க சார்" என்பார்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலைகளின் சாயம் எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று இருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். சோதனைக்குத் தந்த சேலையை ஒரு நெசவாளர் வீட்டம்மா சோதனை பாதியில் இருக்கும்போதே திரும்ப வாங்கித் தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தையத்தக்கா என்று குதித்தேன். பூங்கொடி சிரித்தார். "ஏனுங்க சார், சாயத்துக்கு இதவிட நல்ல சர்டிபிகேட் வேணுங்களா?" அதற்கும் குறிப்பு எழுதினார்.

கடைசிச் சலவைக்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சாயம் எவ்வளவு வெளுத்தது என்று நானே கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிறேன் என்றேன். "வேண்டாமுங்க. கண்ணு மாறுனா மார்க்கும் மாறும்" என்று, படுத்தபடியே அந்தக் கட்டங்களுக்கும் குறிப்புச் சொன்னார்.

கட்டுரையை அனுப்பும் வேலை என் தலையில். இதழ்க்காரர்களின் விதிகளோ அனுமார் வால். நெடுக்குக் கோடு கூடாது, தலைப்பு மேலே, அட்டவணை ஒரே பக்கத்தில். இவருடைய குறிப்புகள் மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்தன. எரிச்சலில் அத்தனையையும் அழித்து அனுப்பிவிட்டேன், கட்டங்களில் சின்னக் கோடுகள் மட்டும் மிஞ்சின. யார் கேட்கப்போகிறார்கள்?

அவர்தான் கேட்டார், மறுநாளே, போனில். குரல் ஒடுங்கியிருந்தது. "அடிக்குறிப்பெல்லாம் இருக்குதுங்களா சார்?"

"எல்லாம் அப்படியே இருக்குதுங்க மேடம்."

"அப்பச் சரிங்க. இனி நிம்மதியாப் படுத்துக்குவன்."

உண்மையைச் சொல்லத்தான் அன்று பஸ்ஸுக்கு நின்றேன் என்று நம்ப ஆசை. சாத்துக்குடியை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பேனோ என்னவோ. துக்க வீட்டில் நீங்கள் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னீர்கள். எனக்குக் கூசியது.

போன வாரம் இதழின் மதிப்பீட்டாளரிடமிருந்து கேள்விகள் வந்தன. கடைசிக் கட்டங்கள் ஏன் காலி, பிடிக்காத முடிவுகளை நீக்கிவிட்டீர்களா என்று. ஒரு எண்ணைக்கூட மறைக்காதவர் மேல் அந்தச் சந்தேகம்! முதலில் அந்த ஆளைத் திட்டினேன். பிறகு திட்ட வேண்டிய ஆள் நான்தான் என்று உறைத்தது.

எல்லாக் குறிப்புகளையும் திரும்பச் சேர்த்தேன். பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன், அடங்கிவிட்டது. ஒரு டீ குடிக்கும் நேர வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம்.

அவர் கடைசியாகச் சொன்ன குறிப்பு இது: "அளவெடுப்பவர் மருத்துவமனையில் இருந்ததால் பதிவு இல்லை. திரும்பியதும் சேர்க்கப்படும்." முதல் வாக்கியம் இதழுக்குப் போய்விட்டது. இரண்டாவதை நான் வைத்திருக்கிறேன்.