கையைத் துடைத்த பிறகு

ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னும் மூன்றை நினைக்க எனக்கு வரும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன். என் வீட்டுக்காரர் நேர் எதிர். கோலார் தங்க வயலில் வைண்டிங் டிரைவர். ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியில் கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, ஏற்றி இறக்குவது அவர் வேலை. கல் வந்தால் வேகமாக இழுக்கலாம், ஆள் வந்தால் பதமாக. எது வருகிறது என்று மணிச் சத்தம் சொல்லும். கல் இழுத்த கை அதே வேகத்தில் ஆளை இழுத்துவிடக் கூடாதே என்று, நடுவில் இரண்டு கையையும் துணியில் துடைத்துக்கொள்வார். வீட்டிலும் அதே கதைதான். சட்டைக்குப் பொத்தான் போடும்போது கூப்பிட்டால் காது கேட்காது. போட்டு முடித்து, கையை லுங்கியில் துடைத்து, அப்புறம்தான் "இன்னா?" என்பார்.

"மவராசன் கையத் தொடச்சிட்டாரு, இனிமே சொல்லலாம்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். சிரிக்கக்கூட மாட்டார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம். ஸ்டவ்வில் ஊற்றுவதற்காக டம்ளரில் கிருஷ்ணாயில் எடுத்தேன். "தண்ணி வந்துடுச்சி!" என்று வெளியே ஒரு குரல். வரிசை வீடுகளான எங்கள் லைனுக்கே ஒரு குழாய்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினேன். பாதிக் குடம் நிரம்புவதற்குள் விறகடுப்பில் சோறு குழையுமே என்ற நினைப்பு. ஓடி வந்து வெளி அடுப்பில் கஞ்சி வடித்தேன். வடிக்கும்போதே கொடியில் காய்ந்த துணி மண்ணில் விழுந்து கிடப்பது கண்ணில் பட்டது. அதை எடுத்து உதறிக்கொண்டு நிற்கும்போது, எதையோ பாதியில் விட்டோமே என்று மனசை அரித்தது. எது என்றுதான் தெரியவில்லை.

உள்ளே பாப்பா இருமினாள். ஒன்றரை வயது. வாயெல்லாம் கிருஷ்ணாயில் நாற்றம், டம்ளர் உருண்டு கிடந்தது.

அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் வழியில்தான் வைண்டிங் ரூம், கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. அவரிடம் சொல்லாமல் மேற்கொண்டு ஓர் அடி வைக்க எனக்குத் தைரியமில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் பாப்பாவைப் பார்த்ததும் வழி விட்டார்.

வாசலில் நின்றேன். அவர் முதுகுதான் தெரிந்தது. ஒரு கை பிரேக்கில், ஒரு கை லிவரில், பார்வை எதிரே, கேஜ் எவ்வளவு ஆழத்தில் வருகிறது என்று முள் காட்டும் பெரிய டயலில். ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வருகிற நேரம். கேஜில் ஆள் இருக்கும்போது டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது, எங்கள் லைனில் அது குழந்தைக்கும் தெரியும். அந்த ஷிப்டில் என் தம்பியும் இறங்கியிருந்தான். கூப்பிட்டால் கேஜுக்கு என்ன ஆகுமோ, கூப்பிடாவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகுமோ. பாப்பா வீறிட வாயைத் திறந்தாள். உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினேன். பெற்றவள் செய்கிற காரியமா அது? செய்தேன். கேஜின் கம்பிக் கயிற்றை இழுக்கும் ட்ரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அசையாத அந்த முதுகை அப்போது எவ்வளவு வெறுத்தேன்!

முள் நின்றது. பிரேக் போட்டார். கையைத் துடைத்தார். அதன் பிறகுதான் திரும்பினார். அன்றைக்கு "இன்னா?" என்று கேட்கவில்லை, பாப்பாவையே பார்த்தார். நான் கையை எடுத்தேன். அவள் வீலென்று கத்தினாள். உடனே மனுஷர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புள்ள கிருஷ்ணாயிலக் குடிச்சிடுச்சி, நீங்க குந்திக்கினு கீறீங்களே!"

"ஆஸ்பத்திரிக்கு ஓடு. கீழ இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க. மாத்து ஆளு வந்ததும் வரேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "வாந்தி எடுக்க வச்சியாம்மா?" இல்லை என்றேன். "நல்லவேளை. எடுத்திருந்தா எண்ணெ நுரையீரலுக்குப் போயிருக்கும். அழுவட்டும், உடு. அழுவறதுதான் நல்லது." நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாப்பா மூச்சு சீராகித் தூங்கிவிட்டாள். இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"புள்ள சாவக் கெடக்குது, ஒரு தபா திரும்பிப் பார்த்தீங்களா? அந்த முள்ளையே பார்த்துக்கினு இருந்தீங்களே!"

"பார்த்தேன்" என்றார். "டயலு கண்ணாடியில வாசல் தெரியும். நீ வந்து நின்னப்பவே பார்த்தேன்."

"பார்த்துட்டுமா?"

"அது மூஞ்சி மேல கைய வச்சிக்கினு நீ சத்தமே இல்லாம நின்னுக்கினு இருந்த. உசுரு போயிடுச்சின்னுதான் நெனச்சேன்."

அப்படி நினைத்துக்கொண்டே மீதித் தூரமும் அந்தக் கேஜைப் பதமாக ஏற்றியிருக்கிறார். என் தம்பி வந்ததும் அந்தக் கேஜில்தான். பாப்பாவுக்கென்று வைத்திருந்த பாலை அவரிடம் நீட்டினேன். வாங்கினார். டம்ளர் ஆடி, பாதிப் பால் கட்டிலில் சிந்தியது.

அதற்கப்புறம் அவர் கையைத் துடைக்கும்போது நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.