செருப்பை எண்ணிய கணக்கு

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு மதியச் சாப்பாடு போடுவது எங்கள் வீட்டு முறை. நான் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் வகுப்பிலேயே முதல் என்கிற திமிர் அப்போது நிறைய இருந்தது, அம்மன் பொறுத்துக்கொண்டாள்.

அவள் பேரில் ஆக்கும் சோறு பத்தாமல் போனாலும் குற்றம், மிஞ்சிக் குப்பைக்குப் போனாலும் குற்றம். உலை கொதித்துவிட்டது. "எத்தினி பேருக்குப் போடறதுங்க?" என்று சமையல்காரர் கேட்க, அப்பா கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். அதுவோ ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது.

நான் ஓடிப்போய்க் கோயில் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். நூற்றிருபது ஜோடி. "நூத்தியிருவது பேருங்கப்பா!" பத்துப் பேருக்கு ஒரு படி என்று பன்னிரண்டு படி அரிசி உலைக்குள் போனது.

மாமா விடுவாரா? "செருப்பு எண்ணறதுக்கா புள்ள உன்னயப் பள்ளிக்கோடம் அனுப்பறோம்? உன்துது பத்தரமாக் கெடக்குதா, பாத்தியா?"

என் செருப்பு வீட்டில் கிடந்தது. நான் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினவர்கள் பண்டிகை முடியும்வரை செருப்புப் போடுவதில்லை. என் கணக்கில் நானே இல்லை! என்னைப் போல இன்னும் எத்தனை பேரோ?

அவர்கள் கையில் மஞ்சள் கயிறு இருக்கும். சாமி கும்பிட நின்ற வரிசையில் முதல் பத்துப் பேரைப் பார்த்தேன்: நாலு கயிறு. வேறிடத்தில் பத்துப் பேர்: அங்கும் ஏறக்குறைய அப்படித்தான். அப்படியானால் பத்துக்கு ஆறு பேர்தான் செருப்போடு வந்தவர்கள். ஆறுக்குப் பத்து என்றால் நூற்றிருபதுக்கு?

"எரநூறுங்கப்பா. இன்னும் எட்டுப் படி போடோணும்."

"இருவது கையப் பாத்துட்டு ஊரையே எண்ணிப்புட்டாளாமா!" என்றார் மாமா. சுற்றி நின்ற பங்காளிகள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "போடுங்க" என்றார்.

கடைசிப் பந்தியும் வயிறார எழுந்தது. பாத்திரம் கழுவினவர்களுக்கும் இருந்தது, குப்பைக்கு எதுவும் போகவில்லை. நான் கணக்கில் ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கணக்குத் தப்பியிருந்தால் பேச்சு வாங்கப்போவது நானல்ல, அப்பாதான் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. நானாவது இருபது பேரைப் பார்த்துச் சொன்னேன். அவர் என் ஒருத்தி முகத்தைப் பார்த்து எட்டுப் படி அரிசியைப் போடச் சொன்னார்.