கோடு தெரியுதா கண்ணு

1996 நவம்பர் 9, சனிக்கிழமை. காலை 7:10-க்குப் பாலில் கார்ன் ஃபிளேக்ஸ். 8:40-க்கு மூவரும் காரில் ஏறினோம். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. போகிற வழியில் அம்மாவையும் என்னையும் பிடிகள் பதித்த சுவரில் ஏறிப் பழகும் ஜிம்மில் இறக்கிவிட்டு, பன்னிரண்டரைக்கு வந்து அழைத்துப்போவார். பத்து வயதில் எழுதத் தொடங்கிய முதல் நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே இவ்வளவும் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து குபெர்டினோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே கணக்கு டீச்சராக இருந்த அம்மாவுக்கு இங்கே வேலை செய்ய விசா இடம் தரவில்லை. பள்ளி விட்டு மூன்று மணிக்கு நான் வரும்போது, காலையில் பார்த்த அதே சோபாவில், ஆறிப்போன அதே காப்பி டம்ளருடன் உட்கார்ந்திருப்பாள். டிவிகூட ஓடாது. சனிக்கிழமை மட்டும் வேறு அம்மா. பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் சாக்பீஸ் பொடி கையெல்லாம் ஒட்டியிருக்க வீடு திரும்பி, சாயங்காலம் முழுக்கப் பேசுவாள். அப்பாவோடு சண்டைகூடப் போடுவாள். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

ஏறுவதற்கென்று அவளிடம் இருந்தது ஒரே ஜோடி ஷூ. சாக்ஸ் இல்லாமல், விரல்கள் மடங்கும் அளவுக்கு இறுக்கமாகப் போடுகிற ஷூ அது. கட்டைவிரலுக்குக் கீழே சோல் சீக்கிரம் தேயும் என்று ஜிம் கவுண்டரில் இருந்த பெண்மணி சொல்லியிருந்தாள். நுனியில் சோலும், அதற்கு மேலே ஷூவைச் சுற்றி ஒட்டியிருக்கும் பக்கத்து ரப்பரும் சேருகிற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று உண்டு. அது மறையத் தொடங்கியதும் அனுப்பிவிட்டால் புது சோல் போட்டுத் தருவார்கள். பக்கத்து ரப்பரும் தேய்ந்து ஓட்டை விழுந்தால் ஷூவைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அனுப்பினால் திரும்பி வர ஆறு வாரம்.

"ஆறு வாரந்தானே, அங்கேயே வாடகை ஷூ தர்றாங்கல்ல?" என்றார் அப்பா.

"ஊர்ல இருக்கறவங்க காலெல்லாம் போய் வந்த ஷூவுக்குள்ள நான் கால விட மாட்டேனுங்க. அதுக்கு வீட்டுலயே உக்காந்துக்கறேன்."

வீட்டிலேயே உட்காருவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பால் பாக்கெட்டின் தேதியைக்கூட எழுதி வைக்கிறவள் என்பதால் ஷூவைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் கட்டைவிரலால் நுனியைத் தடவிப் பார்ப்பேன். அம்மா தலை வாரிக்கொண்டே கேட்பாள்.

"கோடு தெரியுதா கண்ணு?"

"தெரியுதும்மா."

"அப்ப எழுதிக்கோ."

அக்டோபர் 19-ஆம் தேதி கோடு இல்லை. இடது ஷூவில் சோல் வழவழவென்று பக்கத்து ரப்பரோடு கலந்திருந்தது. ஆறு வாரத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் வந்துவிடும். "தெரியுதும்மா" என்றேன். அதையே எழுதினேன். 26-ஆம் தேதியும், நவம்பர் 2-ஆம் தேதியும் அதேதான். ஒன்பதாம் தேதி காலையில் தடவிக்கூடப் பார்க்கவில்லை, ஷூவைப் பற்றி எழுதவும் இல்லை.

பத்தரை இருக்கும். அம்மா இரண்டு ஆள் உயரத்தில் இருந்தாள். இடது கால் வழுக்கிக் கீழே மெத்தையில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். ஷூ நுனியில் கட்டைவிரல் நகம் தெரிந்தது.

"வெளிய எட்டிப் பாக்குது பாரு," என்று சிரித்தாள்.

கவுண்டர் பெண்மணி ஷூவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் சரிசெய்திருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். தான்தான் கவனிக்க மறந்துவிட்டதாக அம்மா தன் டீச்சர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். நான் தண்ணீர்க் குழாய் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

காரில் அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "வாரா வாரம் நோட்டுல எழுதறியே, அப்படி என்னதான் எழுதின?"

"புள்ளைய ஏங் கேக்கறீங்க? கால் என்னுதுதானே," என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

புது ஷூவை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அப்பா மூன்று மாதம் சொன்னார். பிப்ரவரி 15-ஆம் தேதிதான் வந்தது. ஆறு வாரத்துக்குப் பயந்த எனக்குப் பதினான்கு வாரம் கிடைத்தது. சோபா, டம்ளர், அம்மா.

அவள் என்னைக் காப்பாற்றினாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். முப்பத்தைந்து வயதில் நானும் சுவர் ஏறத் தொடங்கி, தேய்ந்த ஷூவோடு ஒருநாள் நின்றபோதுதான் மற்றது புரிந்தது. சோல் மெலிந்தால் முதலில் தெரிவது கண்ணுக்கோ கைக்கோ அல்ல. காலடியில் இருக்கும் பிடியின் விளிம்பு, மேலே உள்ள சொரசொரப்பு, எல்லாம் வெறுங்காலில் படுவதுபோல் விரலில் உறுத்தும். என் விரல் வெளியே தடவிப் பார்க்கும் முன்பே அவள் விரலுக்கு உள்ளே தெரிந்திருக்கும். தெரிந்தும் மூன்று சனிக்கிழமை தலை வாரிக்கொண்டே கேட்டாள். இல்லை என்று நான் சொல்லிவிடுவேனோ என்று அவளும் பயந்திருப்பாள். ஒரே பொய்யை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

பத்து வயதில் அது தெரியாது. அவள் விழுந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை 6:15-க்கு எழுந்து, பல்கூடத் துலக்காமல், ஸ்கேல் வைத்து அந்த மூன்று வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கோடு இல்லை' என்று எழுதினேன். பிறகு அம்மா எழுந்ததும் முதலில் கை வைக்கும் காப்பிப்பொடி டப்பாவின் மேல் நோட்டைத் திறந்து வைத்தேன்.