தாம்பூலத்தில் ஒரு சிட்டிகை பொடி

எங்கள் அத்தை வாழ்க்கைப்பட்ட, மதுரைக்குப் பக்கத்துக் கோச்சடைக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாம்பூலம் மாற்றும் நாளில் தேங்காய், பழம், மஞ்சள், வெற்றிலை பாக்கு வைத்த தட்டில், ஒரு கொழுந்து வெற்றிலையைச் சுருட்டி அதற்குள் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியும் வைப்பார்கள். தட்டு கை மாறுவதற்கு முன் அந்தச் சுருள் மட்டும் உள்ளறையில் இருக்கும் கல்யாணப் பெண்ணிடம் போகும். அவள் அதை முகர்ந்து இரண்டு தும்மல் போடுவாள். கூடத்தில் இருப்பவர்கள் "ஆச்சு, ஆச்சு" என்பார்கள். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவது.

இதற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூதேவி மூக்கு நுனியில்தான் குடியிருப்பாள், தும்மலில் ஓடிப்போவாள் என்பார் ஒருவர். பெண்ணுக்கு நெஞ்சுச்சளி இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், நம் முன்னோர்கள் என்ன முட்டாள்களா என்பார் வைத்தியம் படித்த இன்னொருவர். போன மாதம் ஒரு நிச்சயத்தில் என் பக்கத்து இலைக்காரர், இது பாண்டியர் காலத்து வழக்கம் என்று அடித்துச் சொன்னார். பாண்டியர் காலத்தில் இங்கே புகையிலை ஏது என்று கேட்க வாய் வரை வந்தது. பாயசம் வருகிற நேரம் என்பதால் விட்டுவிட்டேன்.

அந்த வழக்கம் பிறந்தபோது நான் அங்கே இருந்தேன். முதல் தும்மல் என்னுடையதுதான்.

அப்போது எனக்கு எட்டு வயது. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சட்டப் புத்தகங்களை விடச் சகுனங்களை அதிகம் நம்பியவர். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். எங்கள் தெருவில் பூனைகளுக்குக் குறைவில்லை. அவர் கோர்ட்டுக்கு நேரத்தில் போனதாக எனக்கு நினைவில்லை. வழக்கு தோற்றால் வக்கீலைக் குறை சொல்ல மாட்டார். காலையில் கத்திய பல்லியைத்தான் சொல்வார். இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பொடி. இடுப்பில் எப்போதும் வாழைச்சருகில் மடித்த ஒரு பொடி மட்டை செருகியிருக்கும். பழகிய மூக்கு என்பதால் அவர் மட்டும் தும்மவே மாட்டார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் அப்பாவுக்குத் தூக்கம் போயிருந்தது. அண்ணனுக்குப் பிடித்தால் போதும் என்பது அந்தக் காலத்து முறை. பெண்ணிடம் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை, கேட்காததில் தப்பு இருப்பதாகவும் யாரும் நினைக்கவில்லை.

முதலில் வந்தவர் மேலூர்ப் பக்கத்து நெல் மண்டிக்காரர். மூத்த சம்சாரம் தவறி இரண்டு வருஷமாகியிருந்தது. மீசைக்கு மை பூசியிருந்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது, நகையும் அவர்களே போடுவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அன்று காலையிலிருந்து மட்டையைக் காணோம் என்று தேடியதுதான் அவருக்கு ஒரே குறை.

நான் உள்ளறை வாசல்படியில் அத்தையின் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் அப்பா தட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அத்தை தன் தலையிலிருந்து ஒரு துண்டு மல்லிகைச் சரத்தைக் கிள்ளி என் மூக்கருகில் பிடித்தாள்.

"மோந்து பாரு ராசாத்தி, எம்புட்டு வாசனையா இருக்கு!"

மோந்தேன். அடுத்த நொடி கூடமே அதிரும்படி தும்மினேன்.

ஒற்றைத் தும்மல். பூனைக்குப் பரிகாரம் உண்டு, பல்லிக்குப் பலன் பார்க்கப் பஞ்சாங்கம் உண்டு. தாம்பூல நேரத்து ஒற்றைத் தும்மலுக்கு எதுவும் கிடையாது. அப்பாவின் கை தட்டோடு அப்படியே கீழே இறங்கியது. மண்டிக்காரர் வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அத்தை உள்ளே ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "தெரியாம வந்துருச்சு அத்தே" என்று தேம்பினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது இடம் ரங்கூனில் வட்டிக்கடை. மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய போட்டோதான் வந்தது. அப்பாவின் பொடி மட்டை மறுபடி காணாமல் போயிற்று. அத்தை மறுபடி மல்லிகையை மோந்து பார்க்கச் சொன்னாள். நான் மறுபடி தும்மினேன். அத்தையின் தோள் மறுபடி குலுங்கியது, நான் மறுபடி அவள் முதுகைத் தடவிக் கொடுத்து அழுதேன்.

இதற்குப் பிறகு தெருவில் எனக்குத் தும்மக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அம்மா யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு முறையும் மல்லிகையை மோந்ததும்தான் தும்மல் வந்தது. ஆகையால் இந்தப் பிள்ளைக்கு மல்லிகை ஆகாது. அன்றிலிருந்து என் தலையில் மல்லிகை ஏறவில்லை. மதுரையில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சாயங்காலமானால் தெருப்பிள்ளைகள் எல்லாம் பூவும் தலையுமாகத் தெப்பக்குளத்துப் படியில் விளையாட, நான் மட்டும் வாசமில்லாத கனகாம்பரத்தோடு நிற்பேன். என் மூக்கின் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் வெல்லக்கட்டி கொடுப்பாள். கெடுத்தவளுக்கே வெல்லம் கொடுக்கிறாளே, எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவதாக வந்ததுதான் கோச்சடை இடம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அன்று வீட்டுக்குள் ஒரு மொட்டு மல்லிகைகூட வரக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். அப்பா வழக்கம்போல் மட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் கொல்லைக் கிணற்றடியில் இருந்தோம். அவள் இன்னும் சேலை மாற்றவில்லை. அப்போது பின்பக்கச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு கையும் கருப்பு மை.

"கொஞ்சம் தண்ணி ஊத்துறீங்களா? செயின் கழண்டு போச்சு. வண்டியில பழத்தட்டும் பெரியவங்களும் ஏறிக்கிட்டாங்க, எனக்கு எடமில்ல."

அத்தை சீயக்காய்த் தூளைக் கையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அவர் தேய்த்துக்கொண்டே, "இங்க வக்கீல் குமாஸ்தா வீடு எதுங்க? இந்தக் கையோட போய் நின்னா சகுனம் சரியில்லம்பாங்க" என்று சிரித்தார்.

"அந்த வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் அத்தை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "சகுனம் கெடக்கட்டும். பொண்ணுக்குச் சம்மதமான்னு யாராச்சும் கேட்டாங்களான்னுதான் தெரியல. எங்கப்பாகிட்ட கேட்டா, அதெல்லாம் நமக்கெதுக்குங்கறாரு."

அத்தை அவர் கையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். "முன்பக்கமாப் போங்க. வேப்பமரம் நிக்கிற வீடு" என்றாள். அவர் நகத்து மையைப் பார்த்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளே எதையோ பார்த்தாள். மறுபடி இறுக்கி முடிந்துகொண்டாள். பொட்டுக்கடலையாக இருக்கும், எனக்குத் தராமல் ஒளிக்கிறாள் என்று கோபம் வந்தது எனக்கு.

கூடத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வேப்பமரத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோதே வாத்தியாருக்கு, கொல்லையில் தண்ணீர் ஊற்றியவள்தான் பெண் என்று புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னிடம் எந்தப் பூவையும் நீட்டவில்லை. அப்பா தட்டை எடுக்கும் நேரம், இந்த முறை எந்தத் தோஷமும் அண்டக் கூடாது என்று அம்மா ஒரு கைச் சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டு, அந்தப் புகையோடு நேராக என்னைத் தாண்டிக்கொண்டு போனாள்.

பொத்திய கையையும் மீறித் தும்மல் வெடித்தது.

அப்பாவின் முகம் வெளுத்தது. தட்டு மெல்லக் கீழே இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா தோள் துண்டை உதறி எழப் போனார். வாத்தியார் சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளறைப் பக்கமே பார்த்தார். அத்தையின் வாழ்க்கையை மூன்றாம் தடவையும் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தும்மல் வந்தது. பெண்பிள்ளை தும்மல் மாதிரியே இல்லை. பரணில் இருந்த பானையெல்லாம் ஆடியிருக்கும்.

"ரெட்டைத் தும்மல்!" என்று முதலில் கத்தியது மாப்பிள்ளையின் அம்மா. "ரெட்டைத் தும்மல்னா ஆகும்! எடுங்க தட்டை!"

அப்பா குமாஸ்தா அல்லவா, லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெட்டைன்னா ஒரே ஆளு ரெண்டு தும்மணும்ல? இது ஆளுக்கு ஒண்ணுல்ல?"

"தும்மலுக்கு ஆள் கணக்கு ஏதுண்ணே? எந்த மூக்குல வந்தா என்ன, காதுக்கு ரெண்டு கேட்டுச்சுல்ல? அதுவும் பொண்ணே தும்மியிருக்கா. இதைவிட என்ன சகுனம் வேணும் உங்களுக்கு?"

இப்படி ஒரு விதி அதற்கு முன் எந்தப் பஞ்சாங்கத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த அம்மாள் சொன்ன உறுதியில் அப்பா தலையாட்டிவிட்டார். தட்டு மாறியது. அம்மா உள்ளே வந்து பார்த்தாள். அத்தைக்குக் கண்ணும் மூக்கும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பிறந்த வீட்டைப் பிரியப் போகும் துக்கம் என்று நினைத்து அம்மாவும் கூட அழுதாள்.

கல்யாணத்தன்று அத்தை தன் கையாலேயே என் தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்தாள். அம்மா பதறினாள். "ஒண்ணும் ஆகாது மதினி" என்றாள் அத்தை. ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்க மோந்துகொண்டே இருந்தேன், ஒரு தும்மல் வரவில்லை. இரட்டைத் தும்மலோடு பிள்ளையின் தோஷம் போயிற்று என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு அத்தையின் நாத்தனாருக்கு நிச்சயமானபோது, இரட்டைத் தும்மல் நம் குடும்பத்துக்கு ராசி என்று சொல்லி அத்தை தாம்பூலத்தில் பொடி வைத்தாளாம். அடுத்தடுத்த கல்யாணங்களில் யாரும் காரணம் கேட்கவில்லை. எனக்குத் தாம்பூலம் மாற்றும் நாளும் வந்தது. அத்தை கோச்சடையிலிருந்து வெற்றிலைச் சுருளோடு வந்து இறங்கினாள். "எங்க வீட்டு வழக்கம்ணே, செஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று அப்பாவிடம் சொன்னாள். வழக்கம் என்ற பிறகு அப்பா மறுப்பாரா?

உள்ளறையில் கதவை ஒருக்களித்துவிட்டு என் காதோடு குனிந்தாள்.

"மாப்பிள்ளைய சன்னல் வழியாப் பாத்துட்டேல்ல? பிடிச்சிருந்தா ரெண்டு போடு. பிடிக்கலைன்னா ஒண்ணோட நிறுத்திக்க. மத்ததை உங்கப்பா பாத்துக்குவாரு."

சொல்லிவிட்டுச் சுருளை அவிழ்த்து என் மூக்கருகில் பிடித்தாள். அந்தக் காரநெடி ஏறியதும், எட்டு வயதில் மல்லிகையின் வாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்துபோயிற்று. காணாமல் போன பொடி மட்டைகளும், காரணமில்லாத வெல்லக்கட்டிகளும், முந்தானை முடிச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"அத்தே!" என்றேன்.

"அப்புறம் பேசிக்கலாம். கூடத்துல காத்துக்கிட்டு இருக்காங்க, தும்மு" என்றாள். சொல்லி முடிக்கும் முன் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் எட்டு வயதில் இரண்டு முறை முதுகைத் தடவிக் கொடுத்து அழுதேனே, அதே குலுக்கல்.