பொஸோர் என்ற சொல்

அப்போது நான் யாங்கோனில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தேன். கல்லூரியில் ருஷ்ய மொழி படித்திருந்ததால், செக் நாட்டிலிருந்து தனியாக வந்த வயதான பெண்மணி ஒருவரை என்னிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கும் பள்ளியில் படித்த ருஷ்யம் தெரியும்.

சூலே பகோடா என்ற புத்தக் கோயில் அருகே சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து அவர், "பொஸோர்!" என்று அலறினார். ருஷ்ய மொழியில் அதற்கு வெட்கக்கேடு என்று பொருள். நடுத்தெருவில் இப்படித் திட்டுகிறாரே என்று கோபம் வந்து, சட்டென்று திரும்பி அவரிடம் நடந்தேன். என் முதுகை உரசுவதுபோல் ஒரு பஸ் பறந்தது.

"என்னை ஏன் திட்டினீங்க?" என்றேன்.

"திட்டலையேம்மா! எங்க மொழியில அதுக்கு ஜாக்கிரதைன்னு அர்த்தம்." என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் 'பார்'னு அர்த்தம் வர்ற ஒரே பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். நாங்க ஆபத்தைப் பார்க்கச் சொல்றோம். ருஷ்யர்களுக்கு அது, ஊரே பார்க்கிற அவமானம்."

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. காலையில் கிளம்பும்போது, "பார்த்துப் போ" என்பாள். தெருவில் சத்தமாகச் சிரித்தால், "நாலு பேர் பார்க்கிறாங்க" என்பாள். தமிழிலும் அதே கதைதான்.

நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசியே வளர்ந்தவள் நான். அன்று உயிர் பிழைத்தது, ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்ததால்தான்.