குஞ்சு லொறி வருவதற்கு முன்

1. முதுகைக் காட்டுங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கனடாவில், ஸ்காபரோவில் சால்மன் மீன் எண்ணினேன். சுற்றாடல் ஆய்வு செய்யும் ஒரு சிறிய கொம்பனியில் கொன்ட்ராக்ட் வேலை. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவள்தான், ஆனால் சால்மனை அதற்கு முன் தகர ரின்னில் மட்டுமே கண்டிருந்தேன். ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் முட்டையிட வரும் மீனுக்குக் கல்லெறிய இன்றைக்கும் ஆட்கள் போவார்கள். வோபர்ன் அப்பார்ட்மென்ட்களுக்குப் பின்னால் ஓடுகிறது. அது போதும்.

இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து சினூக் சால்மன் ஆற்றில் ஏறும். கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் போய், பிடித்த மீனின் நீளத்தையும் நிறையையும் எழுத வேண்டும். பிறகு முதுகைப் பார்க்க வேண்டும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் விரல் நுனி அளவில் ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். அப்போது எங்கள் ஆற்றுக்கான மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் குஞ்சுகளின் அந்தத் துடுப்பை வெட்டிவிட்டே ஆற்றில் விடுவார்கள். துடுப்பு முழுதாக இருந்தால் மீன் ஆற்றிலேயே பிறந்திருக்கலாம்.

என் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டியைக் கண்டாலே, லைசன்ஸ் கேட்க வந்தவள் என்று நம் ஆட்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நடப்பார்கள். ஓடாமல் நின்றவர் சூசை அண்ணை. மன்னாரில் கடல் தொழில் செய்தவர். இங்கே வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பாக்டரியில் வேலை.

"லைசன்ஸ் வீட்டை கிடக்கு, பிள்ளை."

"நான் லைசன்ஸ் பாக்க வரேல்லை, அண்ணை. மீன்ரை முதுகைப் பாக்க வேணும்."

"முதுகைப் பாத்து என்ன செய்யப் போறீர்? கலியாணம் பேசப் போறீரோ?"

எரிச்சலோடு விளக்கினேன். குனிந்து பார்த்தார். துடுப்பு இருந்தது. அன்றிலிருந்து மற்றவர்களின் மீனையும் அவரே புரட்டிப் பார்த்து எனக்குச் சொல்லத் தொடங்கினார். அந்த சீசனில் துடுப்புள்ள மீன்கள் பல வந்தன. ஏன் என்று தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லை.

2. மூன்று வளைவுகள்

எங்கள் கொம்பனியை ஆய்வுக்கு அமர்த்தியதற்குக் காரணம் இருந்தது. ஆற்றின் மூன்று வளைவுகளில் கரை இடிந்துகொண்டிருந்தது. கரையை ஆற்றின் அடித்தளத்தோடு சேர்த்துப் பெரிய பாறாங்கல் கொட்டி மூடுவது திட்டம். சால்மன் முட்டையிடுவது அந்த வளைவுகளின் பொடிக்கல்லில். அங்கே குஞ்சு பொரிக்கிறது என்று காட்டினால் மீன்வளத் துறையினர் அடித்தளத்தைத் தொட விடமாட்டார்கள். காட்டாவிட்டால் மூடிவிடுவார்கள்.

என் மேலாளர் டேவ் நம்பவில்லை.

"முட்டை போடும். பொரிக்காது. இது நகரத்து ஆறு, சேறு முட்டையை மூடிவிடும். துடுப்பு இருந்தால், வெட்டுகிறவர்கள் தவறவிட்டிருப்பார்கள்" என்றார்.

அதைப் பார்த்துவிடுவோம் என்று மார்ச்சில் பொரிப்பகத்துக்கே போய் நின்றேன். காலையில் சுத்தமாக வெட்டினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு கை விறைத்து, வெட்டாத குஞ்சுகளும் தொட்டிக்குள் வழுக்கி விழுந்தன. டேவ் சொன்னது சரி. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

திரும்பி வரும் வழியில்தான் யோசனை வந்தது. பொரிப்பகத்துக் குஞ்சுகளை லொறியில் கொண்டுவந்து ஆற்றில் விடுவது ஏப்ரல் கடைசியில். போன வருடத்துக் குஞ்சுகள் அதற்குள் ஏரிக்குப் போயிருக்கும். ஆகவே லொறி வருவதற்கு முன் ஆற்றில் சின்னஞ்சிறு சால்மன் குஞ்சு கிடைத்தால் அது அங்கேயே பிறந்தது. துடுப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

3. மாதிரி எங்கே?

லொறி வர நான்கு நாள் இருந்தது, ஒரு வியாழக்கிழமை. மார்பளவு ரப்பர் காற்சட்டையோடு முதல் வளைவில் இறங்கிக் கைவலையால் ஓரத்தை அரித்தேன். மூன்று குஞ்சுகள் வந்தன. விரலின் இரண்டு கணு நீளம், பக்கவாட்டில் கறுத்த பட்டைகள். வெள்ளைத் தட்டில் விட்டு நெடுநேரம் பார்த்தேன். பிறகு ஆற்றிலேயே விட்டுவிட்டு, ஈரக் காற்சட்டையோடு அலுவலகத்துக்குப் போய் எல்லோருக்கும் கேட்க டேவிடம் கத்தினேன். ஆறு செத்துவிட்டதாக எழுதுகிறவர்கள் முதலில் சப்பாத்தைக் கழற்றி அதில் இறங்க வேண்டும் என்றேன்.

நான் கத்தி முடியும்வரை டேவ் கேட்டார்.

"மாதிரி எங்கே?"

மாதிரி ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தது.

"படம்?"

கமரா காரில் கிடந்தது.

"அதே பட்டையுள்ள ட்ரவுட் மீனின் குஞ்சாகவும் இருக்கலாம். கண்டேன் என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுத முடியாது. திங்கட்கிழமை லொறி வருகிறது."

மாதிரி எடுக்க அனுமதிப் பத்திரம் என் பையில் இருந்தது. மாதிரியைக் கெடாமல் வைக்கும் ஸ்பிரிட் போத்தலும் இருந்தது. அந்த மனிதனிடம் போய்க் கத்த வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டையும் மறந்துவிட்டேன்.

வெள்ளி முழுக்க மழை. ஆறு பழுப்பாகப் பொங்கியது. சனிக்கிழமை காலையிலிருந்து மாலைவரை அதே முதல் வளைவில் அரித்ததில் இலையும் பிளாஸ்டிக் பையும்தான் வந்தன. ஞாயிறும் அங்கேயே நின்றேன். பூசை முடித்து, நல்ல சப்பாத்தோடு சூசை அண்ணை கரைக்கு வந்தார்.

"நடு ஆத்திலை நிண்டு என்ன செய்யிறீர்? இந்த வெள்ளத்துக்கு நானே அதிலை நிக்க மாட்டன், குஞ்சு நிக்குமோ?"

"ஓரமெல்லாம் பாத்திட்டன், அண்ணை."

"உதுக்குள்ளை பாத்தீரோ?"

அவர் காட்டியது, யாரோ ஆற்றில் தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி. புல்லும் குப்பையும் அடைந்து கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் நின்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவரே இறங்கினார். நான் வலையைக் கீழே பிடிக்க, அவர் வண்டியை உலுக்கினார்.

குஞ்சுகள் வலைக்குள் துள்ளின. ஐந்தை எடுத்து ஸ்பிரிட் போத்தலில் போட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சுச் சாகக் குடுக்கிறீரே."

"ஓம், அண்ணை. இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

"உம்மடை வேலையைவிட என்ரை வேலை பரவாயில்லை. நான் கறிக்கெண்டாலும் கொல்லுறன்."

போத்தலின் மூடியை இறுக்கி, நாளையும் இடத்தையும் எழுதி ஒட்டினேன்.

திங்கள் காலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வாலுக்கு முன்னே அடிவயிற்றுப் பக்கம் ஒரு துடுப்பு இருக்கிறது. அதில் விசிறி மடிப்புப் போலக் கதிர்கள் ஓடும். ட்ரவுட்டுக்குப் பன்னிரண்டைத் தாண்டாது. நான் பதினாறு எண்ணினேன். மறுபடியும் பதினாறு. டேவ் வந்து என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே எண்ணினார். ஐந்து குஞ்சுகளையும் எண்ணி முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சினூக்" என்றார்.

மத்தியானத்துக்கு முன் லொறி வந்து குஞ்சுகளைக் கொட்டியது. அதன்பிறகு அந்த ஆற்றில் எது எங்கே பிறந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் வளைவின் அடித்தளத்தை அவர்கள் தொடவில்லை, கரைக்கு மட்டும் கல் வைத்தார்கள். மற்ற இரண்டு வளைவுகளிலும் தேட எனக்கு நாள் கிடைக்கவில்லை. அங்கே குஞ்சு இருந்ததற்கு ஆதாரமில்லை என்று ரிப்போர்ட்டில் நானே எழுதினேன். கோடையில் அவற்றைப் பாறாங்கல்லால் மூடினார்கள்.

வியாழக்கிழமை ஒரேயொரு குஞ்சைப் போத்தலில் போட்டிருந்தால், மிச்ச நாட்கள் அந்த இரண்டுக்கும் கிடைத்திருக்கும். வெள்ளத்திலும் எங்கே தேடுவது என்று சூசை அண்ணை காட்டியிருப்பார். அந்தப் பாறைகளுக்காக டேவை நான் ஏசியது போதும். பாதிப் பழி என்னுடையது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, கோபப்படுங்கள். கோபம் இல்லாதவர்கள் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நாள் நிற்க மாட்டார்கள். ஆனால் முதலில் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, நாளையும் இடத்தையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். அதற்குப் பிறகு போய்க் கத்துங்கள்.